ராஜேஷ் கன்னா: பாட்டுகள் உருவாக்கிய நட்சத்திரம்

டார்ஜிலிங் மலையில் இரண்டடி அகலத் தண்டவாளத்தின் மேல் ஒரு குட்டி ரயில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஜன்னலோரத்தில் அலிஸ்டேர் மக்லீன் நாவல் ஒன்றைக் கையில் வைத்தபடி ஓர் இளம்பெண். பக்கத்துச் சாலையில் ரயிலுக்கு ஈடுகொடுத்து ஓடும் திறந்த ஜீப்பிலிருந்து விமானப்படை இளைஞன் ஒருவன் அவளைப் பார்த்துப் பாடிக்கொண்டே வருகிறான். அவளோ புத்தகத்தில் கண் பதிந்திருப்பதுபோல் பாவனை செய்துகொண்டே ஓரக்கண்ணால் அவனைப் பார்க்கிறாள். 1969இல் வெளிவந்த 'ஆராதனா' படத்தின் 'மேரே சப்னோங் கீ ராணி' பாட்டு அது. ராஜேஷ் கன்னாவை இந்தியாவின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டும் அதுவே.

திரையில் இவ்வளவு நெருக்கமாகத் தெரியும் அந்த இருவரும் அந்தப் பாட்டுக்காக ஒன்றாக மலையேறவே இல்லை. ஷர்மிளா டாகூர் அப்போது சத்யஜித் ராயின் வங்கப் படம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தார். தேதி கிடைக்கவில்லை. இயக்குநர் சக்தி சாமந்தா ஜீப்பையும் ரயிலையும் டார்ஜிலிங்கில் எடுத்துக்கொண்டார். ஷர்மிளாவின் காட்சிகளை ஸ்டுடியோவில் போட்ட ரயில்பெட்டி செட்டில் பிறகு எடுத்துச் சேர்த்தார். அவர் பார்வைக்கு இவர் சிரிப்பதும், இவர் பாட்டுக்கு அவர் வெட்கப்படுவதும் எடிட்டிங் மேசையில் நடந்த சந்திப்புகள். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஒட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஹிந்தி சினிமாவில் பாட்டால் புகழ் பெற்ற நடிகர்கள் பலர் உண்டு. ஆனால் பாட்டே படிக்கட்டாகி, ஒவ்வொரு படியிலும் ஒரு மெட்டு நின்று தூக்கிவிட்ட நட்சத்திரம் ராஜேஷ் கன்னாதான். அவருடைய நல்ல பாட்டுகளை வரிசையாகப் பார்த்தால் அவருடைய திரை வாழ்க்கையே கண்முன் விரியும்.

போட்டியில் வென்ற ஜதின்

1942 டிசம்பர் 29 அன்று அமிர்தசரஸில் பிறந்தவர், பின்னாளில் ராஜேஷ் கன்னா ஆன ஜதின் கன்னா. பம்பாய் கிர்காவில் உறவினர் வீட்டில் செல்லப்பிள்ளையாக வளர்ந்தார். கல்லூரி நாட்களிலிருந்தே நாடக மேடை. 1965இல் தயாரிப்பாளர்கள் கூட்டமைப்பும் 'பிலிம்பேர்' இதழும் சேர்ந்து நடத்திய புதுமுகத் தேர்வில் வென்றார். முதல் படம் சேத்தன் ஆனந்த் இயக்கிய 'ஆக்ரி கத்' (1966). கய்யாம் இசையில் முகமது ரஃபியின் குரல் அவருக்குப் பாடியது. படம் மதிக்கப்பட்டது, நடிகரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து 'ஆராதனா' வந்தது. இசை எஸ்.டி. பர்மன், பாடல்கள் ஆனந்த் பக்ஷி, உதவிக்குப் பர்மனின் மகன் ஆர்.டி. பர்மன். படத்தில் இரண்டு டூயட்டுகளைப் பாடியவர் முகமது ரஃபி. நாயகனுக்கான மீதிப் பாட்டுகள் கிஷோர் குமாரிடம் போயின. 1948இல் 'ஜித்தி' படத்தில் தேவ் ஆனந்துக்காகப் பாடத் தொடங்கியவர் கிஷோர். அதன்பின் நடிகராகவும் நகைச்சுவை நாயகனாகவும் பேர் வாங்கியவர். தமக்காகவும் தேவ் ஆனந்துக்காகவுமே பெரும்பாலும் பாடிவந்த அந்தக் குரல், நாற்பதாவது வயதில் புதுமுகம் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. சேர்ந்த கணமே இருவருக்கும் யோகம் திரும்பியது.

அதே படத்தின் 'ரூப் தேரா மஸ்தானா' ஒளிப்பதிவைக் கற்பவர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கும் பாட்டு. வெளியே மழை. அறை நடுவே கனல். நனைந்த உடையோடு இருவர். பாட்டு வேறோர் அறையிலிருந்து வருவதாகக் காட்சி அமைந்திருப்பதால் நாயகன் வாயசைப்பதே இல்லை. பார்வையும் மூச்சும் தயக்கமும்தான் நடிப்பு. கேமரா அந்தக் கனலைச் சுற்றி வளைய வளைய நகர, அந்த இருவரின் காட்சி வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. நடுவில் ஒருவர் ஓர் அடி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய வேலை. அந்தப் பாட்டுக்காகக் கிஷோர் குமாருக்கு முதல் பிலிம்பேர் விருது கிடைத்தது.

சென்னையிலும் 'ஆராதனா' ஹிந்தியிலேயே மாதக்கணக்கில் ஓடியது. ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மொழி தெரியாத இளைஞர்கள் பாட்டுகளுக்காகவே கொட்டகைக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 1974இல் சி.வி. ராஜேந்திரன் இயக்கத்தில் சிவாஜி கணேசன், வாணிஸ்ரீ நடிக்க அதே கதை 'சிவகாமியின் செல்வன்' ஆனது. பர்மனின் மெட்டுகள் ஊரெல்லாம் ஒலித்திருந்தும் எம்.எஸ். விஸ்வநாதன் அவற்றைத் தொடாமல் எல்லாப் பாட்டுக்கும் புதிதாகவே இசையமைத்தார்.

ஒரே நதி, இரண்டு படகுகள்

ராஜேஷ் கன்னாவின் பாட்டுகளில் எது சிறந்தது என்று கேட்டால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். இரண்டு கட்சியும் படகில்தான் உட்கார்ந்திருக்கும்.

முதல் படகு 'காமோஷி'யில் வருகிறது. அசித் சென் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். தயாரித்து இசையமைத்தவர் பாடகர் ஹேமந்த் குமார். பாடல்களை எழுதியவர் குல்சார். மனநோய் மருத்துவமனையில் நோயாளியாக ராஜேஷ் கன்னா, செவிலியாக வஹீதா ரஹ்மான். 'வோ ஷாம் குச் அஜீப் தீ' பாட்டு ஹூக்ளி நதியில் உண்மையான படகில் எடுக்கப்பட்டது. தூரத்தில் ஹௌரா பாலம் தெரிகிறது. அவர் தம் காதலை நினைத்துப் பாடுகிறார். எதிரே இருப்பவளின் மனமோ முன்பு தான் குணப்படுத்திய வேறொருவனிடம் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும். கிஷோர் குரலை உயர்த்தாமல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு தொனியைப் பிடித்துப் பாடியிருக்கிறார். வஹீதாவின் முகத்தில் கலக்கம் ஏறஏற ராஜேஷ் கன்னாவின் முகத்தில் நிம்மதி ஏறுகிறது. ஒரு சோகக் கதையின் முக்கால் பங்கை அந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது படகு 'அமர் பிரேம்' (1972) படத்தில். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் சிறுகதையிலிருந்து வங்கத்தில் உத்தம் குமார் நடித்து வந்த 'நிஷி பத்மா'தான் மூலம். வேட்டி, குர்தா அணிந்த ஆனந்த் பாபுவாக ராஜேஷ் கன்னா. வீட்டில் அன்பில்லாத மனிதர், கணிகையர் தெருவில் புஷ்பாவின் பாட்டில் ஆறுதல் தேடுகிறார். 'சிங்காரி கோயி பட்கே' பாட்டுக்கும் அதே ஹூக்ளி, அதே ஹௌரா பாலம். ஆனால் இம்முறை அனுமதி கிடைக்கவில்லை. நட்சத்திரத்தைப் பார்க்கப் பாலத்தின் மேல் கூட்டம் திரண்டுவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். எனவே பம்பாயில் நடராஜ் ஸ்டுடியோவில் தண்ணீர்த் தொட்டி கட்டி, படகை மிதக்கவிட்டு, நதியைத் திரைக்குப் பின்னாலிருந்து காட்டி எடுத்தார்கள்.

இரண்டு பாட்டுக்கும் நடுவில் சிறிய இடைவெளிதான். முதல் பாட்டின்போது நதியில் யாரும் தொந்தரவு செய்யவில்லை. இரண்டாவதின்போது அவர் பெயரைக் கேட்டாலே பாலம் தாங்காது என்ற பயம். அவருடைய புகழ் எந்த வேகத்தில் வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. 1969 முதல் 1971 வரை தனி நாயகனாகத் தொடர்ந்து 15 வெற்றிப் படங்கள் என்பது அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் கணக்கு.

'அமர் பிரேம்' படத்தில் இன்னொரு பாட்டைத் தவறவிடக்கூடாது. லதா மங்கேஷ்கர் பாடிய 'ரைனா பீதி ஜாயே'. நம் சுபபந்துவராளிக்கு நெருக்கமான ஹிந்துஸ்தானித் தோடியையும், அதோடு எளிதில் ஒட்டாத கமாஜையும் ஆர்.டி. பர்மன் ஒரே பாட்டில் பிணைத்தார். தெருவில் தள்ளாடி வரும் ஆனந்த் பாபு இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் புஷ்பாவின் வீட்டுப் படியேறுகிறார். காட்சியில் அவருக்குக் கேட்பதைத் தவிர வேலை இல்லை. கேட்பதையே நடிப்பாக்கத் தெரிந்தவர் அவர். போதை மெல்ல விலகி, அந்த இடத்தில் வியப்பு வந்து உட்காருவதை அவர் கண்களில் பார்க்கலாம்.

மூவர் கூட்டணி

ஆர்.டி. பர்மன் இசை, ஆனந்த் பக்ஷி எழுத்து, கிஷோர் குரல். இந்த மூவரும் ராஜேஷ் கன்னாவுக்கு அமைந்த வரம். 'கட்டி பதங்' படத்தில் இதே சக்தி சாமந்தா இவர்களை ஒன்றாக உட்காரவைத்தார். 'யே ஷாம் மஸ்தானி'யில் கிஷோரின் விசில் வருகிறது. அந்த விசிலைக் கேட்டவுடன் மிச்சத்தைத் தாமே முணுமுணுக்காதவர்கள் குறைவு. 'பியார் தீவானா ஹோதா ஹை' பாட்டில் பியானோவின் முன் உட்கார்ந்து, விருந்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே ஒரே ஒருத்திக்காகப் பாடுகிறார். எதிரே நிற்கும் ஆஷா பாரேக், தோழிக்குக் கொடுத்த வாக்குக்காகக் கைம்பெண் வேடத்தில் வாழும் பெண். பதில் சொல்ல அவளுக்கு வழியில்லை. பாட்டு கதையை நிறுத்திவைக்கவில்லை, அதைத்தான் நகர்த்துகிறது.

ராஜேஷ் கன்னாவின் பாட்டுகள் நிலைத்ததற்கு ஒரு காரணம், பதிவுக்கு முன்பே அவர் அதில் தலையிடுவார் என்பது. இசையமைப்பாளருடன் உட்கார்ந்து மெட்டுகளைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பார். ஆர்.டி. பர்மனும் கிஷோரும் அவருக்குத் தொழில் கூட்டாளிகள் என்பதைத் தாண்டி நண்பர்கள். இன்னொரு காரணம், திரையில் அவர் செய்யாமல் விட்டது. நடனம் அவருக்குப் பெரிதாக வராது. ஷம்மி கபூரைப் போல உடம்பு முழுவதையும் பாட்டில் எறிந்தவர் இல்லை. கழுத்தை ஒருபக்கம் லேசாகச் சாய்ப்பார். இமைகளை மெல்ல மூடித் திறப்பார். ஒரு கையைக் காற்றில் அரைவட்டமாகச் சுழற்றுவார். பாட்டுக்கு அவ்வளவு இடம் விட்டுக்கொடுத்ததால்தான் குரலும் முகமும் ஒன்றாகிப் போயின.

ஷம்மி கபூரின் பாணியிலிருந்து ராஜேஷ் கன்னாவின் பாணிக்கு நேர்ந்த மாற்றம் ஒரே படத்தில் கண்கூடாக நடந்தது. ரமேஷ் சிப்பியின் முதல் படமான 'அந்தாஜ்' (1971) ஷம்மி கபூரும் ஹேமமாலினியும் நடித்தது. ராஜேஷ் கன்னாவுக்கு அதில் கௌரவ வேடம். பழைய நினைவாக வந்து, மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோகும் கணவர். அவருக்கு இருந்த பெரிய பாட்டு 'ஜிந்தகீ ஏக் சஃபர் ஹை சுஹானா'. சங்கர்–ஜெய்கிஷண் இசையில், கிஷோர் யோட்லிங் செய்து பாடியது. ஹேமமாலினியைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் பறந்த அந்தச் சில நிமிடங்கள்தான் படத்தின் முகவரி ஆயின. கொழும்பிலிருந்து இலங்கை வானொலி ஒலிபரப்பிய பினாகா கீத்மாலாவில் அவ்வாண்டின் முதலிடம் இந்தப் பாட்டுக்கு. எழுதிய ஹஸ்ரத் ஜெய்புரிக்குப் பிலிம்பேர் விருது.

கிஷோர் இல்லாத கன்னா

ராஜேஷ் கன்னா என்றாலே கிஷோர்தான் என்று சொல்பவர்கள் 'ஆனந்த்' (1971) படத்தை மறந்துவிடுகிறார்கள். ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய இந்தப் படத்தில் கிஷோர் ஒரு பாட்டும் பாடவில்லை. இசை சலீல் சௌத்ரி. 'செம்மீன்' தந்தவர், பின்னாளில் தமிழில் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசையமைத்தவர். குடல் புற்றுநோயால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஆனந்த், அழுமூஞ்சி மருத்துவர் பாஸ்கராக வரும் அமிதாப் பச்சனுக்குச் சிரிக்கக் கற்றுத்தருகிறான்.

'கஹீங் தூர் ஜப் தின் டல் ஜாயே' பாட்டுக்கு முகேஷின் குரல், யோகேஷின் எழுத்து. மெட்டு முன்பே சலீல் சௌத்ரி வங்காளத்தில் ஹேமந்தை வைத்துச் செய்திருந்தது. மாலை மங்கும் நேரம். நாள் முழுக்க ஊரைச் சிரிக்கவைத்த மனிதன் தனியாக நின்று பாடுகிறான். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போதுதான் அவன் முகத்தில் சோர்வு தெரிகிறது. கிஷோரின் துள்ளல் அங்கே பொருந்தியிருக்காது. முகேஷின் குரலில் இயல்பாகவே இருக்கும் ஒரு தழுதழுப்பு அந்தக் கணத்துக்கு வேண்டியிருந்தது.

மன்னா டே பாடிய 'ஜிந்தகீ கைசீ ஹை பஹேலி' பாட்டை முதலில் படத்தின் பெயர்கள் ஓடும்போது பின்னணியில் விடுவதாகத்தான் திட்டம். பாட்டைக் கேட்ட ராஜேஷ் கன்னா, இதை இப்படி வீணாக்கக்கூடாது, எனக்குக் காட்சியாக வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். அப்படித்தான் ஜூஹு கடற்கரையில் பலூன்களோடு அவர் நடக்கும் காட்சி உருவானது. வானில் ஏறிப் போகும் பலூன்களை அவர் நிமிர்ந்து பார்க்கும் பார்வை அந்தப் படத்தின் சாரம். அவருடைய இசை ஞானத்துக்கு இந்த ஒரு பிடிவாதமே போதுமான சான்று. அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் விருதும் இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'பாவர்ச்சி' (1972) இன்னும் வேடிக்கை. சண்டை ஓயாத கூட்டுக் குடும்பத்தில் சமையல்காரராக வந்து சேரும் ராஜேஷ் கன்னா, வீடு முழுவதையும் உட்காரவைத்துப் பாடவைக்கிறார். மதன் மோகன் இசையமைத்த 'போர் ஆயீ' பாட்டில் ராஜேஷ் கன்னாவுக்கு மன்னா டே குரல் கொடுக்க, கிஷோரோ அஸ்ரானிக்குப் பாடுகிறார். தாத்தாவாக நடித்த கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயும் தம் குரலிலேயே சேர்ந்துகொள்கிறார். இவர் சரோஜினி நாயுடுவின் தம்பி.

கோடம்பாக்கத்து யானை

ராஜேஷ் கன்னாவின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்றைத் தந்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். 1967இல் தேவர் எடுத்த 'தெய்வச் செயல்' தமிழில் எடுபடவில்லை. அதையே ஹிந்தியில் எடுக்க முடிவு செய்து ராஜேஷ் கன்னாவை அணுகினார். ராஜேந்திர குமாரிடமிருந்து வாங்கும் கார்ட்டர் ரோடு பங்களாவுக்குப் பணம் தேவைப்பட்டதால் அவர் ஒப்புக்கொண்டார் என்றும், கதையைச் செப்பனிடத் தம்மையும் சலீமையும் அழைத்தார் என்றும் ஜாவேத் அக்தர் சொல்லியிருக்கிறார். தேவரின் தம்பி எம்.ஏ. திருமுகம் இயக்கிய 'ஹாத்தி மேரே சாத்தி' 1971இல் வசூலை அள்ளியது. தோற்ற கதை ஜெயித்துத் திரும்பவும் ஊர் வந்தது. எம்.ஜி.ஆர். நடிக்க, கே.வி. மகாதேவன் இசையில் 'நல்ல நேரம்' (1972).

லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இசையமைத்த அந்த ஹிந்திப் படத்தில், யானைகளோடு ஊர்வலம் போகும் துள்ளல் பாட்டு கிஷோருக்கு. ஆனால் ராமு என்ற யானை உயிர்விட்ட பிறகு வரும் பாட்டை ரஃபியிடம் கொடுத்தார்கள். மனிதரின் வெறுப்புக்குப் பலியான ஒரு விலங்குக்காகப் பாடப்படும் அந்த இரங்கல், குழந்தைகளோடு வந்த குடும்பங்களைக் கொட்டகையில் விம்மவைத்தது. ராஜேஷ் கன்னாவுக்காக ரஃபி பாடியவற்றில் 'தி ட்ரெயின்' (1970) படத்தின் 'குலாபீ ஆங்க்கேங்' குறும்பின் உச்சம் என்றால், இது துயரத்தின் உச்சம்.

தெற்கிலிருந்து போன இன்னொரு கதை 'பிரேம் நகர்' (1974). டி. ராமாநாயுடு தயாரித்த தெலுங்குப் படம், சிவாஜியின் 'வசந்த மாளிகை', ராஜேஷ் கன்னாவின் ஹிந்திப் படம் ஆகிய மூன்றையும் இயக்கியவர் கே.எஸ். பிரகாஷ் ராவ். 'யே லால் ரங்' பாட்டில் கிஷோரும் எஸ்.டி. பர்மனும் ஒரு குடிகாரனின் புலம்பலை எப்படி அடக்கி வாசித்திருக்கிறார்கள் என்பதை 'வசந்த மாளிகை' பார்த்த காதுகள் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

இறங்குமுகத்திலும் இசை

1973க்குப் பிறகு ஹிந்தி சினிமாவின் காற்று திசை மாறியது. கோபக்கார இளைஞனாக அமிதாப் வந்தார். மென்காதலனுக்கு இடம் சுருங்கியது. படங்கள் சறுக்கின. பாட்டுகள் மட்டும் அவரைக் கைவிடவில்லை.

'ஆப் கீ கஸம்' (1974), மலையாள 'வாழ்வே மாயம்' படத்தின் ஹிந்தி வடிவம். சந்தேகத்தால் மனைவியை இழந்து நடைப்பிணமாகத் திரியும் கணவன். 'ஜிந்தகீ கே சஃபர் மேங்' பாட்டில் ஆனந்த் பக்ஷி கைநழுவிப் போனது திரும்ப வராது என்ற ஒரே எண்ணத்தைச் சரணத்துக்குச் சரணம் ஆழமாக்கிக்கொண்டே போகிறார். இதே படத்தில்தான் ராஜேஷ் கன்னாவும் மும்தாஜும் பாங்கு மயக்கத்தில் ஆடும் 'ஜெய் ஜெய் சிவ் சங்கர்'. காஷ்மீரில் குல்மர்க் குன்றின்மேல் உள்ள சிவன் கோவிலில் எடுக்கப்பட்டது. அந்தக் கோவில் 2024இல் தீ விபத்துக்குள்ளானபோது செய்திகள் அதை இந்தப் பாட்டைச் சொல்லித்தான் அடையாளம் காட்டின.

'மெஹ்பூபா' (1976) ஓடவில்லை. ஆனால் சிவரஞ்சனியில் ஆர்.டி. பர்மன் அமைத்த 'மேரே நைனா சாவன் பாதோங்' அழியவில்லை. முறையாகச் சாஸ்திரியப் பயிற்சி பெறாத கிஷோர் இந்தப் பாட்டுக்கு முதலில் தயங்கினார். லதாவின் பதிவை முன்னதாக வாங்கி, திரும்பத் திரும்பக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்ட பிறகே பாடினார். 'குத்ரத்' (1981) படத்தில் ராஜேஷ் கன்னாவைத் தம் முதல் பட இயக்குநர் சேத்தன் ஆனந்திடமே காலம் திருப்பிக் கொண்டுவந்தது. மஜ்ரூஹ் சுல்தான்புரி எழுதிய 'ஹமேங் தும்சே பியார் கித்னா' அந்தப் படத்தில் இரண்டு முறை வருகிறது. கிஷோர் எளிமையாகப் பாட, பர்வீன் சுல்தானா அதையே சாஸ்திரிய அழகோடு விரித்துப் பாடினார். பர்வீனுக்குப் பிலிம்பேர் விருது கிடைத்தது. ஊர் முணுமுணுத்தது கிஷோரின் வடிவத்தை.

கிஷோர் குமார் 1987இல் மறைந்தார். ஆர்.டி. பர்மன் 1994இல், ஆனந்த் பக்ஷி 2002இல். 2012 ஜூலை 18 அன்று மும்பையில் ராஜேஷ் கன்னாவும் கண்மூடினார், வயது 69. மறு ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

அவர் பாட்டுகளைக் காதால் மட்டும் அறிந்தவர்கள் பாதியைத்தான் அறிந்திருக்கிறார்கள். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. 'காமோஷி'யின் படகுப் பாட்டையும் 'அமர் பிரேம்' படகுப் பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்; பிறகு 'ஆனந்த்' பலூன் காட்சியைப் பாருங்கள். ஹிந்தி தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. அவர் முகத்தைக் கவனித்தால் போதும், பாட்டின் பொருள் விளங்கிவிடும்.